அப்போஸ்தலர் 8:37 புதிய மொழிபெயர்ப்பில் ஏன் இல்லை?

யாரும் வெட்டி எடுக்கவில்லை. கோத்தகிரி ஜெபக்கூட்டத்தில் வாசித்தபோது 36க்கு அப்புறம் நேராக 38 வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மொழிபெயர்ப்பு பின்பற்றும் கிரேக்க மூலம் வேறு, அவ்வளவுதான்.

நம் பழைய வேதாகமம் எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் வழியில் வந்தது. 37ஆம் வசனம், பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பிய மந்திரி இயேசுவை தேவனுடைய குமாரன் என்று சொல்லும் விசுவாச அறிக்கை. எராஸ்மஸ் கையிலிருந்த கையெழுத்துப் பிரதியில் அது ஓரத்தில்தான் எழுதியிருந்தது. பிரதி எடுத்தவர்கள் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைத்து உள்ளே சேர்த்தார். 1551இல் ஸ்தெபானுஸ் என்ற அச்சகர் வசன எண் போட்டபோது அதற்கும் ஓர் எண் கிடைத்தது. 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் அது இல்லை. பிற்காலப் பிரதிகள் பெரும்பாலானவற்றிலும் இல்லை.

உங்கள் புதிய பிரதியில் அந்தப் பக்கத்து அடிக்குறிப்பைப் பாருங்கள். இதேபோல் கேள்வி எழும் 1 யோவான் 5:7, மாற்கு 16:9-20 இரண்டையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவிடாதீர்கள். மாற்கின் முடிவு பெரும்பாலான கிரேக்கப் பிரதிகளில் உண்டு. 8:37உம் பின்னாளில் யாரோ கட்டிவிட்டது அல்ல. 2ஆம் நூற்றாண்டிலேயே சபைப் பிதாவான இரேனேயு அந்த அறிக்கையை எடுத்துச் சொல்கிறார். ஞானஸ்நான வகுப்பில் அதைக் கற்பிப்பதை நிறுத்த வேண்டாம். இயேசுவை வாயினால் அறிக்கையிடச் சொல்லும் ரோமர் 10:9 இருக்கவே இருக்கிறது.