133 வாக்குகளில் வென்ற எட்வர்ட் ஹீத், தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் என்ன செய்தார்?

1950 பிப்ரவரியில் நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில், பெக்ஸ்லி தொகுதியில் தொழிற்கட்சி உறுப்பினர் ஆஷ்லி பிராமலைக் கன்சர்வேடிவ் வேட்பாளர் ஹீத் தோற்கடித்தது வெறும் 133 வாக்கு வித்தியாசத்தில்தான். அங்கே போட்டியிட்ட கம்யூனிஸ்ட் வேட்பாளர் 481 வாக்குகளைப் பிரித்திருந்தார். அவர் களத்தில் இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

இப்படி நூலிழையில் வென்றவர் அடக்கி வாசிப்பார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால், சர்ச்சையைத் தவிர்ப்பதே கன்னிப் பேச்சின் (புதிய உறுப்பினரின் முதல் உரையின்) மரபாக இருந்தும், அந்த ஆண்டு ஜூன் 26 அன்று ஹீத் எழுந்து பேசியது, அன்றைய சூடான விவாதமான ஷூமன் திட்டத்தைப் பற்றி. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் நிலக்கரி, எஃகுத் தொழில்களைப் பொதுவான நிர்வாகத்தின்கீழ் கொண்டுவர முனைந்தபோது, ஒதுங்கி நின்ற பிரதமர் அட்லீயின் தொழிற்கட்சி அரசு பேச்சுவார்த்தையில் சேர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1973-இல் பிரதமராகப் பிரிட்டனை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்த்தவரும் அவரே என்பதால், அவர் வாழ்வில் மிக முக்கியமான பேச்சாக இதையே நான் கருதுகிறேன்.

அதன்பின் நீண்ட மௌனம். 1951-இல் கொறடாக்களில் ஒருவரானார்; கொறடாக்கள் அவையில் பேசுவதில்லை என்பது அங்குள்ள வழக்கம். 1955 இறுதியில் தலைமைக் கொறடாவாகி, மறு ஆண்டு எகிப்தின் சூயஸ் கால்வாயை ஒட்டி எழுந்த நெருக்கடியில் பிளவுபட்டுக் கிடந்த கட்சியைச் சிதறாமல் காத்த பிறகு, 1959-இல் தொழிலாளர் நலத்துறை அமைச்சரானபோதுதான் அவர் குரல் அவையில் மீண்டும் முறையாக ஒலித்தது.