‘கொ’வில் நிற்கும் பையன், தும்பிக்கை போடும் தாத்தா: பெற்றோர் கேட்டதும் டீச்சர் சொன்னதும்

ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் 31 வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

டீச்சர், பையன் இரண்டாம் வகுப்பு. ட, ப, ம எல்லாம் பார்த்ததும் சொல்லிடுறான். ‘கொடி’, ‘தேள்’னு வந்தா அப்படியே நின்னுடுறான். தினமும் 247 எழுத்தையும் எழுத வைக்கிறோம். (தேனி)

முதலில் அந்த 247-ஐ நிறுத்துங்கள், அம்மா. கை வலிப்பதுதான் மிச்சம். உங்கள் பையன் மாட்டிக்கொண்டிருப்பது கொம்பில். ‘கெ’ என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. காதுக்கோ ‘க்’ முதலில், ‘எ’ பிறகு. இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிவிட்டு, இங்கே மட்டும் ஒன்றைத் தாண்டிப்போய்த் திரும்பி வரச் சொல்கிறோம். ‘கொ’ இன்னும் மோசம். முன்னால் கொம்பு, பின்னால் கால், இரண்டும் சேர்ந்தால்தான் ‘ஒ’ ஓசை. குழந்தை நிற்காமல் என்ன செய்யும்?

பழைய தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் க, த, ப என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக எழுதி வெட்டிக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் ஆகியவற்றைத் தனித்தனித் துண்டாக வெட்டுங்கள். ‘க’வை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கொம்பை அவனே நகர்த்தி முன்னால் வைக்கட்டும்: ‘கெ’. காலைக் கொண்டுவந்து பின்னால் வைக்கட்டும்: ‘கொ’. புத்தகத்தில் படிக்கும்போது கொம்பை விரலால் மூடி முதலில் ‘க’ சொல்லட்டும், பிறகு விரலை எடுக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

உண்மையிலேயே மனப்பாடம் தேவைப்படுவது உகர வரிசைதான். கு, சு, து, பு, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். அதை வரிசையாக ஒப்பிக்க வைக்காமல் பசு, குடை, முடி, புளி என்று அவனுக்குத் தெரிந்த சொல்லோடு காட்டுங்கள்.

எங்க அப்பா பேத்திக்கு எழுதச் சொல்லித் தர்றார். ‘யானை’யில வர்ற ‘னை’யைத் தும்பிக்கை மாதிரி வளைச்சு எழுதுறார். ஸ்கூல்ல தப்பு போட்டுட்டாங்க. யார் சரி? (கும்பகோணம்)

இரண்டு பேரும் சரி. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்த சீர்திருத்த எழுத்துகளைத் தமிழக அரசு 1978-ல்தான் ஏற்றது. அதற்கு முன் படித்தவர்களுக்கு ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கையோடுதான். இது ‘தாத்தா எழுத்து’, பரீட்சையில் ‘ஸ்கூல் எழுத்து’ என்று பேத்தியிடம் சொன்னால் புரிந்துகொள்வாள். தாத்தா கற்றுத்தருவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மூணாம் வகுப்புப் பொண்ணு. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் தடுமாறுறா. நூற்றைந்தை 1005-னு எழுதுறா. (பொள்ளாச்சி)

இதில் தமிழுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. இருபது, முப்பதிலிருந்து எண்பது வரை வால் எல்லாம் ‘பது’. திடீரென்று தொண்ணூறு! வாலில் ‘நூறு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது, மதிப்போ நூறு இல்லை. தொள்ளாயிரமும் அப்படித்தான், வாலில் ஆயிரம். இதை அவளிடம் ஒரு வேடிக்கையாகவே சொல்லிவிடுங்கள். பிறகு ஒன்பது பத்து ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.

1005 எழுதுகிறவள் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறாள்: நூறு, அப்புறம் ஐந்து. ஒரு நூறு ரூபாய் நோட்டு, ஒரு ஐந்து ரூபாய் நாணயம். நடுவில் பத்து ரூபாய்க்கு ஒரு காலி இடம். அந்தக் காலி இடத்துக்குத்தான் பூஜ்யம் என்று காட்டுங்கள். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிவரச் சொல்லுங்கள். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள், நாலு குழி தள்ளி எங்கே முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற பிள்ளை கணக்கில் தேறிவிடும்.

நான் பனியன் கம்பெனியில வேலை பாக்குறேன். வீடு வர எட்டு மணி ஆயிடும். அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். நான் என்னத்தச் சொல்லித் தர்றது டீச்சர்? (திருப்பூர்)

சொல்லித்தர வேண்டாம், கேளுங்கள், போதும். 40 நிமிட வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். ஒரு பிள்ளை சத்தமாக வாசிப்பதை முழுதாகக் கேட்க எனக்கு என்றைக்குமே நேரம் கிடைத்ததில்லை. நீங்கள் தோசை ஊற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்கட்டும். தப்பாக வாசித்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம், பரவாயில்லை. “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். புரியாமல் வாசித்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்வான், தானாகவே திரும்பி வாசிப்பான். பஸ் போர்டு, மாத்திரை அட்டையில் தேதி, ரேஷன் கடை எஸ்எம்எஸ் எல்லாம் அவனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு நாம் உதவுகிறோம் என்ற பெருமை அவனுக்கும் வேண்டும்தானே.

மூணு வயசு. போன் இல்லாம ஒரு வாய் சாப்பாடு இறங்காது. (சென்னை)

இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மூன்று வேளையும் போன் என்றால் அது சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடும். முதலில் ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். சில நாள் குறைவாகச் சாப்பிடுவான், பாட்டி திட்டுவார், தாங்கிக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ரெண்டரை வயசு. ‘அம்மா’ மட்டும்தான் சொல்றான். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்னு மாமியார் சொல்றாங்க. (விருதுநகர்)

காத்திருக்காதீர்கள். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லாவது சேர்த்துப் பேச வேண்டும். முதல் வேலை காது பரிசோதனை. கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று விட்டுவிட வேண்டாம். அரைகுறையாகக் கேட்கும் பிள்ளையும் திரும்பும். இதற்கென்று மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற மையம் உண்டு. பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் இடம் அது, கட்டணம் கிடையாது. அங்கன்வாடியில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதிதானே. மாமியாரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இடது கையால எழுதுறா. மாத்தலாமா?

வேண்டாம். நோட்டைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்துக் கொடுங்கள். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது. சோறு எந்தக் கையால் சாப்பிடுவது என்பது உங்கள் வீட்டு வழக்கு, அதில் நான் தலையிடவில்லை.

டைம் இல்லாதப்ப ஹோம்வொர்க்கை நானே எழுதிக் கொடுத்துடறேன். பரவாயில்லையா?

உங்கள் கையெழுத்து எங்களுக்குத் தெரியும், அம்மா.