தவணை முடிந்த நாற்பதாம் நாள் அடுத்த கடிகாரம்

கேள்வி: எனக்கு வயது 39. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சன்டைசராக வேலை செய்கிறேன். பிடித்தம் போக மாதம் 78,000 ரூபாய் கைக்கு வருகிறது. 2025 ஆகஸ்டுக்குப் பிறகு ஊக்கத்தொகை நின்றுவிட்டது. குடி, புகை எதுவும் கிடையாது. கைக்கடிகாரம் சேகரிப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு. கல்யாணத்தின்போது என் ஐயனுக்கு மாமனார் வீட்டில் போட்ட எச்.எம்.டி. பைலட்டில் தொடங்கி, இன்று 19 கடிகாரங்கள் இருக்கின்றன. வாங்கிய விலை, தேதி, தவணை எல்லாம் எழுதிய பட்டியலையும் வீட்டுச் செலவுக் கணக்கையும் இணைத்துள்ளேன். விலைவாசி ஏறிக்கொண்டே போவதாலும், தங்கை மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ததாலும் கிரெடிட் கார்டில் 1,10,000 ரூபாய் நிலுவை சேர்ந்துவிட்டது. இது மனைவிக்குத் தெரியாது. நான் பார்த்து வைத்திருக்கும் சுவிஸ் கடிகாரத்தின் விலை அடுத்த மாதம் ஏறும் என்கிறார்கள். இப்போதே தவணையில் வாங்கிவிடலாமா? கோவையில் இருக்கும் மைத்துனர், நான்கு பேர் சேர்ந்து 6 லட்சம் ரூபாய்க்குப் பழைய சுவிஸ் கடிகாரம் ஒன்றை முதலீடாக வாங்கி வைக்கலாம், என் பங்கு ஒன்றரை லட்சம் என்கிறார். மனைவியின் ஆறு பவுனை அடகு வைத்தால் அந்தப் பணம் கிடைக்கும். விலைவாசி ஏறும் காலத்தில் கடிகாரமும் ஒரு சொத்துதானே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதி அனுப்பும் வாசகர்கள் குறைவு. ஆகவே அவசரகால நிதி, காப்பீடு போன்ற பாலபாடங்களை உங்களுக்குச் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. உங்கள் பட்டியலில் விலை எழுதிய பகுதியைவிடத் தேதி எழுதிய பகுதியையே நான் நீண்ட நேரம் பார்த்தேன். 2021 முதல் ஏழு கடிகாரங்களைத் தவணையில் வாங்கியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தவணை முடிந்த நாற்பது நாட்களுக்குள் அடுத்த தவணை தொடங்கியிருக்கிறது. ஆக, நீங்கள் கடிகாரத்தின் விலையைப் பார்த்து வாங்கவில்லை. தவணை முடிந்ததால் சம்பளத்தில் 'விடுபட்ட' தொகையைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். மாதம் 15,000 ரூபாய் என்பது உங்கள் மனத்தில் வீட்டு வாடகையைப் போல நிலையான செலவாகிவிட்டது. உங்களைக் கெடுப்பது இந்தப் பழக்கம் ஒன்றுதான். விலைவாசி ஏறாமல் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் இது கண்ணில் படாமலே போயிருக்கும்.

உங்கள் கணக்கையே தோராயமாகக் கூட்டிப் பார்க்கிறேன். வாடகை 14,000, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 11,700, வேன் 3,000, மளிகை, பால், காய்கறி 21,000, மின்சாரம், எரிவாயு, கைப்பேசி 4,500, பெட்ரோல் 4,000, கோபியில் இருக்கும் பெற்றோரின் மருந்துக்கு 6,000, காப்பீடு 4,000. மொத்தம் 68,200 ரூபாய். கையில் மிஞ்சுவது 9,800. ஓடிக்கொண்டிருக்கும் மூன்று கடிகாரத் தவணைகள் 6,200, 4,800, 3,900 என்று 14,900 ரூபாய். மாதந்தோறும் 5,100 ரூபாய் துண்டு விழுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே குடும்பத்தை 59,000 ரூபாயில் நடத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது மிஞ்சிய 19,000 ரூபாயில் தவணைகள் அடங்கின. பிறகு வாடகை, பள்ளி, மளிகை என்று மாதத்துக்கு 9,000 ரூபாய் கூடியது. பொள்ளாச்சித் தோப்புகளுக்கு இத்தனை அருகில் வாழும் நாமே 2025இல் தேங்காயெண்ணெயை யோசித்து வாங்க வேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். இந்தச் செலவுகளில் நீங்கள் சுருக்கக்கூடியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. குடும்பம் ஏற்கெனவே சிக்கனமாகத்தான் நடக்கிறது.

துண்டு விழும் தொகை கார்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 1,10,000 ரூபாய்க்கு 3,850 ரூபாய்; அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 4,540. ஆண்டுக்கு 54,000 ரூபாய்க்கு மேல் வட்டியாகப் போகிறது. உங்கள் சேகரிப்பில் இருக்கும் நல்ல ஜப்பானியக் கடிகாரங்கள் இரண்டின் விலை அது. இதைவிட மோசமான ஒன்று, நிலுவையை முழுதாகக் கட்டாதவரை அந்தக் கார்டுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. நேற்று அதே கார்டில் வாங்கிய மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. 'நோ காஸ்ட்' தவணையில் வட்டியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரொக்கத்துக்குக் கேட்டால் கடைக்காரர் குறைக்கும் தொகைதான் அங்கே வட்டியாகப் போகிறது என்பது வியாபார ஊரில் வாழும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்கு எழுத்தில் சொல்லிவிட்டது.

இனி, அடுத்த மாதம் விலை ஏறப்போகும் சுவிஸ் கடிகாரத்துக்கு வருவோம். சுவிஸ் நிறுவனங்கள் அடிக்கடி விலையை ஏற்றுவது உண்மை. பிராங்க் நாணயம் வலுப்பெறுவதும் தங்கம் ஏறுவதும் அதற்கான காரணங்களில் சில. ஆனால் இந்தியாவுக்கும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது; அதன்படி சுவிஸ் கடிகாரங்களின் மீதான சுங்க வரி ஏழு ஆண்டுகளில் படிப்படியாக நீங்க வேண்டும். அந்தக் குறைவு முழுதும் கடைக்கு வந்து சேரும் என்று நான் உறுதி கூற மாட்டேன். என்றாலும், வரி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை விலை ஏறும் என்ற பயத்தில் கடனுக்கு வாங்குவது விசித்திரமான அவசரம். விலை ஐந்து சதவீதம் ஏறினால் 80,000 ரூபாய்க் கடிகாரத்துக்கு 4,000 ரூபாய் கூடும். உங்கள் கார்டின் ஒரு மாத வட்டி அதைவிட அதிகம். இடையில் ஒரு செய்தி: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரியையும் சுவிஸ் பொருள்களுக்கு 39 சதவீத வரியையும் விதித்தது. உங்கள் ஊக்கத்தொகை நின்ற அதே மாதத்தில் ஜெனீவாவின் கடிகாரத் தொழிலும் கலங்கிப் போயிருந்தது. விற்பவர்கள் சொல்வதுபோல அந்தச் சந்தை அசையாத பாறை அன்று.

"கடிகாரமும் ஒரு சொத்துதானே" என்ற கேள்விக்கு உங்கள் பட்டியலே பதில் சொல்கிறது. எச்.எம்.டி.யைச் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் ஒப்புதல் அளித்தது. அதன்பின் ஜனதா, பைலட் போன்றவற்றைத் தேடி வாங்குவோர் பெருகினர். நீங்கள் 900 ரூபாய்க்கு வாங்கியது இன்று 4,000 ரூபாய்க்குப் போகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சதவீதத்தில் பார்த்தால் பிரமாதம், ஆனால் ஏழு எச்.எம்.டி.களையும் சேர்த்து நீங்கள் கண்ட இலாபம் 15,000 ரூபாய், அதுவும் டயலை மாற்றி அச்சடித்த உருப்படி எதுவும் அவற்றுள் இல்லை என்றால்தான். அங்கே விலை ஏறியது ஆலை மூடப்பட்டதால். உங்களுக்குத் தவணையில் விற்கும் நிறுவனம் நாளைக்கும் அதே கடிகாரத்தைச் செய்துகொண்டிருக்கும். மற்ற 12 கடிகாரங்களுக்கு எதிரே இன்றைய மதிப்பு என்று கடையின் புதிய விலையை எழுதியிருக்கிறீர்கள். அது கடைக்காரர் விற்கும் விலை. பெட்டி, ரசீது, உத்தரவாத அட்டை எல்லாம் இருந்தாலும், அந்த வகைக் கடிகாரத்துக்கு வாங்கிய விலையில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் கிடைத்தால் நல்ல பேரம் என்று கொள்ளுங்கள். இயந்திரக் கடிகாரங்களை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் செலவுக்குப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

மைத்துனரின் யோசனையைப் பற்றிச் சொல்லும்போது என் பொறுமை சற்றுக் குறைகிறது. தங்கத்தை ஒரு சதவீத மாத வட்டிக்கு வைத்தால் ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டுக்கு 18,000, இரண்டு ஆண்டுகளில் 36,000 ரூபாய். விற்றுக் கொடுப்பவருக்குப் பத்து சதவீதம் போகும் என்று வையுங்கள். நீங்கள் ஒரு ரூபாய்கூட இலாபம் பாராமல் வெறுமனே தப்பிப்பதற்கே, 6 லட்சம் ரூபாய்க் கடிகாரம் இரண்டு ஆண்டுகளில் 8 லட்சத்து 27 ஆயிரம் ரூபாயாக வேண்டும். உலகச் சந்தையில் பழைய சொகுசுக் கடிகாரங்களின் விலை 2022 தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. உச்சத்தில் வாங்கியவர்களும் உங்கள் மைத்துனர் பேசுவதைப் போலத்தான் பேசினார்கள். மாறாக, 2020 ஆகஸ்டில் 43,000 ரூபாய் அளவில் இருந்த பவுன் 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைக் கடந்தது. உங்கள் வீட்டில் உண்மையிலேயே மதிப்புக் கூடிய பொருள் உங்கள் மனைவியின் கழுத்திலும் கையிலும் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அடகுக்கடையில் வைத்துக் கடிகாரத்தில் கால்பங்கு வாங்கச் சொல்கிறார்கள். நான்கு பேருக்குச் சொந்தமான ஒரு கடிகாரம் யாருடைய பீரோவில் இருக்கும், கல்யாணத்துக்கு யார் கட்டிக்கொண்டு போவார் என்பதையாவது பேசினீர்களா?

அந்த நகையை அடகு வைத்துக் கார்டை அடைத்தால் என்ன என்றும் நீங்கள் யோசிக்கக்கூடும். வட்டிக் கணக்கில் அது சரிதான். ஆனால் காலியான கார்டில் நாற்பது நாட்களுக்குள் என்ன நடக்கும் என்பதை உங்கள் பட்டியல் காட்டிவிட்டதால், அந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை.

விற்க வேண்டியவை கடிகாரங்கள். தவணையில் இருக்கும் மூன்றையும் விற்றுவிடுங்கள். கார்டுத் தவணையில் வாங்கிய பொருள் வங்கியிடம் அடமானத்தில் இல்லை என்பதால் விற்பதற்குத் தடை இல்லை. அவற்றுக்காக நீங்கள் ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 2,07,600 ரூபாய். 55 சதவீதம் கிடைத்தால் 1,14,000. அந்தப் பணத்தைக் கொண்டு தவணைகளை முன்கூட்டி அடைக்கத் தோன்றும். அடைக்காதீர்கள், அதற்கு அபராதமும் வரியும் உண்டு. பணம் முழுவதும் கார்டு நிலுவைக்கு அதே நாளில் போக வேண்டும், ஏனென்றால் கொள்ளை வட்டி ஓடுவது அங்கேதான். தவணைகள் தம் போக்கில் முடியட்டும்: 3,900 ரூபாய்த் தவணை ஐந்து மாதத்திலும், 6,200 ரூபாய்த் தவணை ஏழு மாதத்திலும், 4,800 ரூபாய்த் தவணை பதினொரு மாதத்திலும் முடிகின்றன. முதல் ஐந்து மாதம் 5,100 ரூபாயும் அடுத்த இரண்டு மாதம் 1,200 ரூபாயும் துண்டு விழும், மொத்தம் 27,900. அதற்கு, இந்த ஆண்டு ஒருமுறைகூடக் கையில் கட்டவில்லை என்று நீங்களே குறித்திருக்கும் ஒன்பது கடிகாரங்களிலிருந்து நான்கை விற்றால் போதும். எட்டாம் மாதத்திலிருந்து கையில் 5,000 ரூபாய் மிஞ்சும். பதினொரு மாதம் கழிந்தால் 9,800. கையில் இல்லாத கடிகாரங்களுக்கு மாதந்தோறும் பணம் கட்டுவது கசக்கத்தான் செய்யும். அந்தக் கசப்பை நான் ஓரளவு வேண்டுமென்றேதான் மிச்சம் வைக்கிறேன்.

பன்னிரண்டு கடிகாரங்கள் உங்களிடம் இருக்கும், பொழுதுபோக்கை விட வேண்டியதில்லை. தவணைகள் முடிந்த பிறகு மாதம் 1,500 ரூபாயைத் தொடர் வைப்பில் போடுங்கள். ஆண்டுக்கு 18,000 ரூபாய். பழுதுபார்க்கும் செலவை முதலில் அதிலிருந்து எடுங்கள், மிஞ்சினால் அடுத்த கடிகாரம், அதுவும் ரொக்கத்துக்கு. ஒரு கடிகாரத்துக்கு மூன்று ஆண்டுகள் சேர்க்க வேண்டியிருந்தால் மூன்று ஆண்டுகள் சேர்த்து வாங்குங்கள். உங்கள் ஐயன் காலத்தில் ஒரு கடிகாரம் வாங்கக் கல்யாணம் வரை காத்திருந்தார்கள். தாய்மாமன் சீரைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. நம் பக்கத்தில் அதைச் செய்யாமல் சபையில் நிற்க முடியாது. ஆனால் காதுகுத்துக்குப் பின்னாலும் அந்தப் பெண்ணுக்குச் சீர்கள் வரிசையாக வரும் என்பது இன்றே தெரிந்த செய்தி. கையில் 5,000 மிஞ்சத் தொடங்கியதும் அதில் 1,000 ரூபாயை அதற்கென்று தனியே ஒதுக்குங்கள்.

விற்கத் தொடங்குவதற்கு முன், இந்த வாரமே, எனக்கு அனுப்பிய அதே பட்டியலை மனைவியிடம் காட்டிவிடுங்கள். ஏழு கடிகாரங்கள் பீரோவிலிருந்து மறைவதைப் பார்த்து அவர் கேட்கும்போது சொல்வதைவிட இப்போது சொல்வது எளிது. தவிரவும், மைத்துனர் உங்கள் மனைவியின் தம்பி. தம்பியிடம் முடியாது என்று சொல்ல உங்களைவிட அக்காவே பொருத்தமானவர். ஐயனின் பைலட்டை விற்பனைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அது நின்று ஓராண்டாகிறது என்று கடைசி வரியில் குறித்திருக்கிறீர்கள்; முதல் கடிகாரம் விற்றதும், ஈரோடு மணிக்கூண்டுப் பக்கமோ கோவை டவுன்ஹால் பக்கமோ எச்.எம்.டி. பார்க்கும் பழைய கைகளிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.