இடைவெளி உள்ள கோப்புப் பெயர் ஸ்கிரிப்டுக்குள் உடைவது

'மே மாத பில்' என்ற கோப்பை உங்கள் பேஷ் ஸ்கிரிப்டுக்குக் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) கொடுத்தால், சிபி (கோப்பை நகலெடுக்கும் கட்டளை) 'கோப்பு இல்லை' என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் லூப்பில் $* (கொடுத்த எல்லாப் பெயர்களும்) என்று இருப்பதை "$@" என்று மாற்றுங்கள். இரட்டை மேற்கோள் கட்டாயம். மேற்கோள் இல்லாத $@ எழுதினாலும் இதே தொல்லைதான் வரும்.

நீங்கள் கொடுத்த 'மே மாத பில்' ஒரே கோப்புதான். ஆனால் மேற்கோள் இல்லாத இடத்தில் பேஷ் அதை இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டி மே, மாத, பில் என்று மூன்றாக்கிவிடுகிறது. சிபி கட்டளை மூன்று முறை 'கோப்பு இல்லை' என்று சொல்வது அதனால்தான். லூப்புக்குள் சிபிக்குக் கொடுக்கும் மாறியையும் மேற்கோளுக்குள் வையுங்கள். பலர் மேலே திருத்திவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். "$*" என்றும் எழுதிவிடாதீர்கள், அது எல்லாக் கோப்புகளையும் ஒட்டி ஒரே பெயராக்கிவிடும்.

இன்னும் சரியாகவில்லை என்றால் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் $# மதிப்பை (ஸ்கிரிப்டுக்கு எத்தனை பெயர்கள் வந்தன என்ற எண்ணிக்கை) எக்கோ கட்டளையால் திரையில் காட்டச் செய்து, அந்த ஒரு கோப்பை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

1 வந்தால் பெயர் முழுதாக உள்ளே வந்துவிட்டது, உடைவது ஸ்கிரிப்டுக்குள்தான்.
3 வந்தால் ஸ்கிரிப்டைக் கூப்பிடும் இடத்திலேயே மேற்கோள் விட்டுப்போயிருக்கிறது. கிரானோ (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது) வேறொரு ஸ்கிரிப்டோ கூப்பிடுகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: "$@" பெயர் உடையாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். கோப்புப் பெயர் - குறியில் தொடங்கினால் சிபி அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குக் கோப்புப் பெயருக்கு முன்னால் -- சேர்த்துவிடுங்கள். சிபி, எம்வி (கோப்பை நகர்த்துவது), ஆர்எம் (கோப்பை அழிப்பது) மூன்றுக்கும் இது புரியும். எல்லா நிரல்களுக்கும் புரியாது.