ஓடும்போதே நிற்கும் பழைய மோட்டார்ஹோம்: கேள்வி பதில்

அமெரிக்கச் சாலைகளில் 1970களிலிருந்து 90கள் வரை வந்த மோட்டார்ஹோம்களை, அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டிகளை, வாங்கி ஓட்டுகிறவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவன் அந்த வண்டிகளின் அடியில் படுத்தே பழகியவன். ஒரே ஒரு வேண்டுகோள்: கேள்வி கேட்கும்போது "நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். எப்படி நின்றது என்று எழுதுங்கள். மருந்து அதில்தான் இருக்கிறது.

கேள்வி, ஃபீனிக்ஸ்: அண்ணா, எங்களிடம் இருப்பது 1989 மாடல். ஃபோர்டு 460 இன்ஜின், இன்ஜெக்‌ஷன். காலையில் அருமையாக ஓடும். முக்கால் மணி நேரம் ஹைவேயில் போனால், சாவியைத் திருப்பி அணைத்தது போல டக்கென்று நின்றுவிடும். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் எல்லாம் மாற்றிவிட்டார்கள். பணம் போனதுதான் மிச்சம்.

பதில்: தம்பி, "டக்கென்று" என்று எழுதினீர்களே, பாதி விடை அதுதான். பெட்ரோல் கிடைக்காமல் சாகிற இன்ஜின் பெரும்பாலும் அப்படிச் சாகாது. முதலில் இழுவை குறையும், இருமும், ஆக்சிலேட்டரை மிதித்தால் திணறும், அப்புறம்தான் நிற்கும். ஸ்பார்க் போனால்தான் சுவிட்சை அணைத்தது போல நிற்கும். உங்கள் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் அடுத்த முறை அதைப் பாருங்கள். வண்டி இன்னும் வேகத்தில் உருளும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், கோளாறு இக்னிஷன் பக்கம் என்று ஏறக்குறைய எழுதியே கொடுத்துவிடலாம்.

அந்தக் கால ஃபோர்டுகளில் ஸ்பார்க்கை இயக்கும் டி.எஃப்.ஐ. என்ற இக்னிஷன் மாட்யூலை, சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலேயே திருகி வைத்தார்கள். இன்ஜின் சூடு நேராக அதில் இறங்கும். சூடேறினால் உள்ளே தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் திரும்ப வரும். 1983 முதல் 1995 வரையிலான ஃபோர்டு வண்டிகளின் இந்த மாட்யூலுக்காக கலிபோர்னியாவில் பெரிய வழக்கே நடந்து, 2001இல் சமரசத்தில் முடிந்தது. அதனால் உங்கள் வண்டிக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் என் பேச்சைக் கேட்டு உடனே மாட்யூல் வாங்கிவிடாதீர்கள். அப்படித்தான் உங்கள் பம்ப்பும் மாறியது. கடையில் சில டாலருக்கு ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கும், வண்டியிலேயே வைத்திருங்கள். நின்றதும், ஆறுவதற்கு முன்பே, காயிலிலிருந்து வரும் ஒயரில் அதை மாட்டி ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் இருந்தால் நான் சொன்னது தப்பு, பெட்ரோல் பக்கம் போங்கள். இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை மாட்யூல் மேல் சில நிமிடம் வையுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் திருடன் பிடிபட்டான்.

மாற்றும்போது 5.5 மி.மீ. மெல்லிய சாக்கெட் வேண்டும், சாதாரண சாக்கெட் உள்ளே நுழையாது. மாட்யூலின் முதுகில் வெப்பம் கடத்தும் கிரீஸ் தடவாமல் மாட்டினால் புதிதும் சீக்கிரம் போய்விடும். புது மாட்யூல் போட்டும் அதே கதை என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து மாட்யூலுக்கு சிக்னல் அனுப்பும் பிக்கப் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். அதுவும் சூட்டில்தான் சாகும்.

கேள்வி, அதே நபர்: ஸ்கேனர் மாட்டினால் தெரியாதா அண்ணா?

பதில்: இப்போதைய ஸ்கேனர் உங்கள் வண்டியில் மாட்டவே மாட்டாது. அதற்கான சாக்கெட் கார்களில் கட்டாயமானதே 1996இல்தான். உங்களுடையதில் டெஸ்ட் கனெக்டரில் ஒரு ஒயர்த் துண்டைச் சொருகி, விளக்கு மின்னுவதை எண்ண வேண்டும். 14 அல்லது 18 வந்தால் இக்னிஷன் சிக்னல் விட்டுப்போகிறது என்று பொருள். எதுவும் வராவிட்டாலும் இன்ஜின் சுத்தம் என்று முடிவு கட்டக் கூடாது.

கேள்வி, பேக்கர்ஸ்ஃபீல்டு: சார், 1983 மாடல், செவர்லே 454, கார்புரேட்டர். சமவெளியில் குறையே இல்லை. கோடையில் டெஹோன் பாஸ் ஏறும்போது பாதி ஏற்றத்தில் குலுங்கிக் குலுங்கி நிற்கிறது. அரை மணி கழித்துக் கிளம்பும். பெட்ரோல் குழாயில் மரக் கிளிப் வரிசையாக மாட்டச் சொல்கிறார்களே, அது பலன் தருமா?

பதில்: துணி காயப்போடும் கிளிப்பைத் துணிக்கே விட்டுவிடுங்கள். அதை மாட்டிவிட்டு ஆறும்வரை உட்கார்ந்திருப்பார்கள், பெயர் கிளிப்புக்குப் போகும்.

உங்களுக்கு நடப்பது வேப்பர் லாக்: குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்ப் இழுக்க முடியாமல் போவது. அம்பாசடரில் கொடைக்கானல் ஏறியவர்களுக்கு இது புதிதல்ல, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு ஏறுவார்களே, அதேதான். உங்கள் வண்டியில் அது இன்னும் மோசமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. டேங்க் எங்கோ பின்னால், பம்ப் முன்னால் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு. அத்தனை நீளமும் பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தமும் குறைகிறது. பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் குழாய். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகும். குளிர்காலத்துக்கென்று விற்கும் பெட்ரோல் டேங்கில் மிச்சம் இருந்து, திடீரென வெயில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

நிரந்தர வழி, டேங்குக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று வைத்து, பெட்ரோலை உறிஞ்சாமல் தள்ளுவது. கார்புரேட்டருக்கு 4 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். அதற்கு மேல் தள்ளினால் கார்புரேட்டர் ஊசி தாங்காமல் வழியும். இன்ஜின் ஓடி ஆயில் அழுத்தம் இருக்கும்போது மட்டும் கரண்டை விடும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், நீங்கள் படுத்துத் தூங்கும் வண்டி அது. 1973 முதல் 1978 வரை வந்த ஜி.எம்.சி. மோட்டார்ஹோம்காரர்களில் பலர் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் மலை ஏறுகிறார்கள்.

செலவு செய்யும் முன் இரண்டு சோதனை. நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உஸ்ஸென்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, புது மூடியோடு கதை முடிந்தது. அடுத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது கார்புரேட்டர் குழாயைக் கழற்றி டப்பாவில் விட்டு, ஸ்பார்க் வராதபடி காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, செல்ஃப் அடியுங்கள். அரை நிமிடத்துக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் பம்ப்போ, ஃபில்டரோ, உள்பக்கம் வீங்கிப்போன ரப்பர் ஹோஸோ. பழைய ஹோஸ்கள் எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே உரிந்து தொங்கும்.

கேள்வி, டல்லஸ்: 1977 டாட்ஜ் 440. ஓடிக்கொண்டிருந்தபோது நின்றது. இப்போது செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது.

பதில்: பேலஸ்ட் ரெசிஸ்டர், காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைத்து அனுப்புவது. முன்பக்க இரும்புத் தகட்டில் திருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் துண்டு. செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் அதைச் சுற்றிப் போகும், சாவியை விட்டால் அதன் வழியாகப் போகும், அது வெடித்திருக்கிறது. இரண்டு வாங்குங்கள், ஒன்று டாஷ்போர்டு பெட்டியில் கிடக்கட்டும்.

கேள்வி, டென்வர்: ஐயா, டேங்க் நிறைய இருந்தால் பிரச்சினை இல்லை. பாதிக்குக் கீழே போய் ஏற்றமும் வந்தால் மூச்சுத் திணறி நிற்கிறது. இன்னொன்று, கால் டேங்க் வந்ததும் ஜெனரேட்டரும் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா?

பதில்: இல்லை. ஜெனரேட்டர் நிற்பது கோளாறே இல்லை. இரவெல்லாம் ஏ.சி. ஓட்டிவிட்டுக் காலையில் நடுக்காட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, ஜெனரேட்டர் உறிஞ்சும் குழாயை டேங்கில் கொஞ்சம் உயரத்திலேயே நிறுத்தியிருப்பார்கள்.

இன்ஜின் நிற்பது வேறு. டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயிலோ, அதில் சேரும் சின்ன ஹோஸிலோ பாதி உயரத்தில் விரிசல் இருக்கலாம். பெட்ரோல் அதை மூடியிருக்கும்வரை தெரியாது, கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். எதையும் பிரிக்காமல் சோதிக்கலாம்: ஒரு பயணம் முழுக்க முக்கால் டேங்குக்குக் கீழே போகாமல் ஓட்டுங்கள். ஒரு முறைகூட நிற்காவிட்டால் டேங்கை இறக்குவதில் அர்த்தம் உண்டு. காலியாக வைத்து இறக்குங்கள், நிறைந்த டேங்க் ஆளை அமுக்கிவிடும்.

கேள்வி, சியாட்டில்: டொயோட்டா சின்ன மோட்டார்ஹோம், 22ஆர்.இ. இன்ஜின். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் சட்டென்று அணைகிறது. நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் நன்றாக இருக்கிறது.

பதில்: ஏர் ஃப்ளோ மீட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கிளம்பும்போது இன்ஜின் சாய்கிறது, விரிசல் வாய் திறக்கிறது, மீட்டர் அளக்காத காற்று உள்ளே போகிறது. இந்த மீட்டருக்குள்தான் பெட்ரோல் பம்ப்புக்கான சுவிட்சும் இருக்கிறது. காற்று தன் வழியாகப் போகவில்லை என்று மீட்டர் நினைத்தால் பம்ப்பையே நிறுத்திவிடும். நின்று முறுக்கும்போது இன்ஜின் அவ்வளவு சாயாது, அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் கண்ணில் படுவதில்லை.

கேள்வி, நியூ ஜெர்சி: சிக்னலில் நிற்கப்போகும்போது மட்டும் ஆஃப் ஆகிறது. ஃபோர்டு 460, 1993.

பதில்: ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினுக்குக் காற்று கொடுக்கும் ஐடில் வால்வில் கரி படிந்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்குத் திரும்ப விடும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இப்படித்தான். கிளட்ச் உள்ள காரில் கிளட்ச் மிதிக்காமல் நிறுத்தியது போன்ற உதறல் இருந்தால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக் விடவில்லை.

கேள்வி, ஹூஸ்டன்: நானும் என் கணவரும் மாறி மாறி ஓட்டுகிறோம். கோளாறு கண்டுபிடிக்கும்வரை ஓட்டியாக வேண்டிய நிலை. வேகமாகப் போகும்போது நின்றால் என்ன செய்வது? எனக்கு அதுதான் பயம்.

பதில்: சகோதரி, இதை யாராவது முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இன்ஜின் நின்றதும் ஸ்டியரிங் கல்லாகிவிடும், ஆனால் திரும்பும். இரண்டு கையும் போட்டு இழுங்கள். பிரேக்கைத் தட்டித் தட்டி மிதிக்கவே கூடாது. மிச்சமிருக்கும் பிரேக் பலம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், தட்டினால் அது வீணாகும். ஒரே அழுத்தாக, சீராக மிதியுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் சாவியை லாக் வரை திருப்பாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு விளக்கைப் போட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, உருளும்போதே ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அந்த வேகம் இருக்கும்போதே ஓரம் சேருங்கள். ஓட்டியாக வேண்டுமென்றால் வலது ஓர லேனை விட்டு வராதீர்கள், இரவில் ஓட்டாதீர்கள்.

கேள்வி, அட்லாண்டா: எல்லோரும் பெட்ரோல் வண்டி கேட்கிறார்கள். என்னுடையது 1999 ஃபோர்டு 7.3 டீசல். சில நொடி நின்று தானே பிடிக்கும், சில சமயம் முழுசாக நிற்கும்.

பதில்: கேம் பொசிஷன் சென்சார், கேம்ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறதென்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. ஃபோர்டு நிறுவனமே பின்னாளில் 7.3 வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்த பொருள். உங்கள் வண்டிக்கு அது மாறியதா என்று வண்டி எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேளுங்கள். மாற்றுவது சின்ன வேலை, ஒரே ஒரு போல்ட்.

கேள்வி, சாக்ரமென்டோ: கோளாறு பெட்ரோல் பக்கமா, ஸ்பார்க் பக்கமா என்று அறிய, பெட்ரோல் அழுத்தத்தை ஓடும்போதே பார்க்க நினைக்கிறேன். எப்படி? எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: நீளமான ஹோஸ் உள்ள கேஜ் வாங்கி, வெளியே வைப்பருக்கு அடியில் கண்ணாடியோடு சேர்த்துக் கட்டுங்கள். பெட்ரோல் ஹோஸை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. இன்ஜெக்‌ஷன் 460 என்றால் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., செவர்லே டி.பி.ஐ. (த்ராட்டில் பாடி வழியாகப் பெட்ரோல் தெளிப்பது) என்றால் பெரும்பாலும் 9 முதல் 13. நிற்கும் முன்பே முள் இறங்கத் தொடங்கினால் பெட்ரோல் பக்கம், முள் அசையாமல் இருக்கும்போதே இன்ஜின் செத்தால் ஸ்பார்க் பக்கம். ஃபோர்டில் பம்ப் சத்தமே கேட்காவிட்டால், இடி வாங்கினால் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச் பள்ளத்தில் விழுந்தபோது துள்ளியிருக்கலாம். அதன் பொத்தானை அமுக்கிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி, டாம்பா: 1985 செவர்லே 454, ஹெச்.இ.ஐ. எலெக்ட்ரானிக் இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர். சூடு, குளிர் எதற்கும் சம்பந்தமில்லை. ஆக்சிலேட்டரை மாற்றி மாற்றி மிதிக்கும்போது ஒரு நொடி வெட்டுகிறது, எப்போதாவது நிற்கிறது. மாட்யூல் மாற்றியாயிற்று.

பதில்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து மாட்யூலுக்கு சிக்னல் அனுப்பும் பிக்கப் காயிலின் ஒயர். நீங்கள் ஆக்சிலேட்டரை மாற்றும்போதெல்லாம் ஸ்பார்க் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ், பிக்கப் காயில் உட்கார்ந்திருக்கும் தட்டைத் திருப்புகிறது, கூடவே இரண்டு மெல்லிய ஒயரும் வளைகின்றன. வருஷக்கணக்கில் வளைந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும், மேல் உறை மட்டும் முழுசாகத் தெரியும். மாட்யூலிலிருந்து பிடுங்கி, மல்டிமீட்டரில் ஓம் வைத்து, வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டை அசையுங்கள். 500 முதல் 1500 ஓமுக்குள் ஒரே எண் நிற்க வேண்டும், துள்ளினால் மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுக்கும் முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.