கெமிக்கல் கிடைத்தால் சிப் வேலை போய்விட்டதா?

சார், கவுன்சலிங்கில் ஈசிஇ நழுவி கெமிக்கல் கிடைத்ததும் ‘மகளின் சிப் கனவு அவ்வளவுதான்’ என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அரை மணி நேரம் போனில் பேசினோம். பக்கத்தில் இருந்த அவள் வாயே திறக்கவில்லை.

1957-ல் வில்லியம் ஷாக்லி என்ற இயற்பியலாளரின் ஆய்வகத்தை விட்டு வெளியேறி, கலிஃபோர்னியாவில் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் கம்பெனியைத் தொடங்கிய எட்டுப் பேரைப் பாருங்கள். எலக்ட்ரிக்கல் படித்தவர் விக்டர் கிரினிச் ஒருவர்தான். கார்டன் மூர் கெமிஸ்ட்ரி, ஷெல்டன் ராபர்ட்ஸ் உலோகவியல், பிளாங்க் மெக்கானிக்கல். தேவையான கருவிகள் பல கடையில் கிடைக்காத காலம். சிலிக்கானில் வடிவம் பதிக்கும் கேமராவுக்காக அந்த எட்டில் இருவரான ராபர்ட் நாய்ஸும் ஜே லாஸ்டும் சான் ஃபிரான்சிஸ்கோ கேமரா கடை ஒன்றில் 16 மி.மீ. சினிமா லென்ஸ்களைப் பொறுக்கி எடுத்து வந்தார்கள்!

டிரான்சிஸ்டர், அதாவது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் குட்டி ஸ்விட்ச், விற்கத் தொடங்கியதும் வேறொரு தலைவலி. பென்சிலால் லேசாகத் தட்டினாலே சில செத்துப்போயின. டிரான்சிஸ்டரை மூடிய டப்பாவுக்குள் உதிர்ந்த துகள்தான் காரணம். சிலிக்கான் மேல் வளர்ந்த ஆக்சைடு படலத்தைக் கரைத்து எடுக்காமல், அதையே காப்பாக விட்டுவைத்தார் எட்டுப் பேரில் ஒருவரான ழான் ஹோர்னி. 1959-ல் வந்த அந்த பிளேனார் முறையின் மேல்தான் ஐசி, அதாவது சிப், தயாரிப்பே எழுந்தது.

உங்கள் மகளுக்கு இன்னும் நெருக்கமானவர் ஆண்டி குரோவ். படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். 1963-ல் ஃபேர்சைல்டில் சேர்ந்தார். ஆக்சைடு படலத்தை வைத்து இயங்கும் எம்ஓஎஸ் (MOS) வகை டிரான்சிஸ்டர்கள் ஏன் நிலையில்லாமல் அலைபாய்கின்றன என்று அவரும் சக ஆய்வாளர்களும் துருவியபோது, ஆக்சைடில் கலந்திருந்த சோடியம் மாட்டியது. சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம்தான். ஆக்சைடு வளரும் வேகத்துக்கு அவரும் சக ஆய்வாளர் புரூஸ் டீலும் போட்ட கணக்கு இன்றும் பாடத்தில் இருக்கிறது. மாஸ் டிரான்ஸ்ஃபர், ரியாக்‌ஷன் இன்ஜினியரிங் என்று அவளுக்கு வரப்போகும் பேப்பர்கள்தான் அதன் அஸ்திவாரம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். சிப் டிசைன் வேலைக்குப் பெரும்பாலும் ஈசிஇ-காரர்களையே எடுப்பார்கள். இவளுக்குப் பொருந்துவது ஃபேப்பில், அதாவது சிப் தயாரிக்கும் ஆலையில், பிராசஸ் இன்ஜினியர் வேலை. ஷிப்ட் உண்டு, தலை முதல் கால்வரை மூடிய உடை உண்டு. இந்தியாவில் பெரிய ஃபேப்கள் இப்போதுதான் எழும்புகின்றன. அதனால் மேற்படிப்பு, வெளியூர் எல்லாம் வரலாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸை மட்டும் அவள் அலட்சியப்படுத்த வேண்டாம். தின் ஃபிலிம் (மெல்லிய படலங்கள்) எலக்டிவ் இருந்தால் எடுக்கட்டும்.

சரி, அடுத்த முறை அவளே கூப்பிடட்டும் சார். அவள் போனிலிருந்து.