கல், தகடு, மரம்: அச்சுக்கலை பற்றிக் கேட்டவர்களுக்கு

எச்சிங் பிரஸ்ஸோடு இருபது வருஷம் ஆகிறது. தகட்டிலோ கல்லிலோ மரத்திலோ படம் செய்து காகிதத்தில் அச்சிடுகிற கலை, நம் ஓவியக் கல்லூரிகளில் கிராஃபிக்ஸ் என்று சொல்கிற அச்சுக்கலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில்கள் இதோ.

கேள்வி: எச்சிங், எங்கிரேவிங், டிரைபாயிண்ட் மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. என்ன வித்தியாசம், அண்ணா?

மூன்றிலும் மை பள்ளத்தில்தான் உட்காரும், அதனால் குழப்பம் வருவது நியாயம்தான். கோடு தகட்டுக்குள் எப்படி இறங்கியது என்று பாருங்கள். எங்கிரேவிங்கில் கூரான உளியைக் கையால் தள்ளிச் செம்பைச் சுருள் சுருளாக வெளியே எடுக்கிறோம். கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1514-இல் செய்த ‘மெலன்கோலியா’வில் இதை நன்றாகப் பார்க்கலாம். எச்சிங்கில் அந்த வேலையை ஆசிட் செய்கிறது. தகட்டின் மேல் மெழுகும் தாரும் கலந்த பூச்சு, ஊசியால் கீறுவது அந்தப் பூச்சை மட்டும், அப்புறம் தொட்டியில் இறக்கினால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். பேனா மாதிரி கை ஓடும். அதிக நேரம் தொட்டியில் கிடந்த கோடு ஆழமாகிக் கறுப்பாக விழும்.

டிரைபாயிண்டில் ஆசிடே கிடையாது. ஊசியால் நேராகத் தகட்டைக் கீறுகிறோம், கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழும்பி நிற்கும், விரல் நுனியால் தடவினால் சொரசொரவென்று படும். அந்தப் பிசிறும் மையைப் பிடித்துக்கொள்வதால் கோடு வெல்வெட் போல மெத்தென்று விழுகிறது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் எச்சிங் தகடுகளின் மேலேயே இதைச் சேர்த்தார். ஆனால் பிரஸ்ஸுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் பிசிறு நசுங்கும், சில பத்துப் பிரதிகளிலேயே அந்த மென்மை போய்விடும்.

கேள்வி: வீட்டிலேயே எச்சிங் செய்ய நைட்ரிக் ஆசிட் எங்கே கிடைக்கும்?

வேண்டாம், தம்பி. செம்பில் நைட்ரிக் பட்டால் வரும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஆசிடைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிடில் ஊற்றக் கூடாது. இதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். லினோவில், அதாவது லினோலியம் விரிப்புத் துண்டைச் செதுக்கி அச்சிடுவதில், தொடங்குங்கள். ரப்பர் ஸ்டாம்பு மாதிரி மேட்டில் மை பிடிக்கிற முறை, பிரஸ்கூட வேண்டாம், ஸ்பூனின் முதுகால் தேய்த்தாலே காகிதத்தில் இறங்கும்.

கேள்வி: படத்துக்குக் கீழே பென்சிலில் 3/25 என்று இருக்கிறது. மூன்றாவது பிரதி மட்டமா?

இல்லை. மொத்தம் 25 போட்டதில் இது மூன்றாவது எண் பெற்றது, அவ்வளவுதான். எல்லாம் அச்சிட்டு முடித்து அடுக்கிய பிறகுதான் பெரும்பாலும் எண் போடுகிறோம்.

கேள்வி: தாத்தா வீட்டில் பழைய ரவிவர்மா லட்சுமி படம் இருக்கிறது. ஒரிஜினலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார், ஜெர்மானியத் தொழில்நுட்பத்தோடு. அந்தப் படங்கள் லித்தோ. 1796-இல் செனஃபெல்டர் மியூனிக்கில் கண்டுபிடித்த முறை அது: சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, ரோலர் ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும், ஈரம் இருக்கிற இடம் மையைத் தள்ளிவிடும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். லட்சுமியின் புடவைச் சிவப்புக்குள்ளேயே பல கல் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கும்.

நகைக்கடைக்காரர் வைத்திருப்பாரே, அந்த லென்ஸை வாங்கி லட்சுமியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் வரிசை வரிசையாக, சின்னச் சின்னப் பூ மாதிரி அடுக்கி இருந்தால் அது பின்னால் வந்த ஆஃப்செட் இயந்திர அச்சு. ஒழுங்கில்லாமல், மணலைத் தூவின மாதிரி இருந்தால் கல்லில் போட்டது.

கேள்வி: எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, என்ன விலை போகும்?

விலை எனக்குத் தெரிந்த துறை இல்லை. முதலில் லென்ஸ்.

கேள்வி: இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து இங்க்ஜெட்டில் 25 எடுத்துக் கையெழுத்துப் போட்டு ‘லிமிடெட் எடிஷன் பிரிண்ட்’ என்கிறார்கள். அது மட்டும் ஏன் அச்சுக்கலை ஆகாது?

கம்ப்யூட்டரிலேயே பிறந்த படம் என்றால் எனக்குச் சண்டை இல்லை. கேன்வாஸில் தீட்டிய ஓவியத்தை ஸ்கேன் செய்து எடுத்ததை எச்சிங்கோடு சேர்த்து வைத்து விற்கும்போதுதான் கோபம் வருகிறது. எச்சிங்குக்கு முன்னால் ‘அசல்’ என்று வேறொன்று எங்கும் மாட்டி இல்லை. தகடு கருவி மட்டுமே, காகிதத்தில் விழுவதுதான் படைப்பு, 25-உம் அசல்.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் ரவிவர்மா லித்தோவும் எண்ணெய் ஓவியத்தின் நகல்தானே? கல்லில் வரைந்ததும் வேறு ஆட்கள்.

சரியான இடத்தில் பிடித்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அவை நகல்கள்தான், ஆனால் அபாரமான கைவேலை. அதே சமயம், வேறு ஆள் செதுக்கினார் என்பதால் மட்டும் நகல் ஆகிவிடாது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பெரிய அலை’ என்கிற மர அச்சுப் படத்தை, 1831 வாக்கில் வந்தது, செதுக்கியவர் வேறு, அச்சிட்டவர் வேறு. ஹொகுசாய் வரைந்த தாளைச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, அதன் மேலேயே உளி வைத்துச் செதுக்குவார்கள், தாள் அதோடு அழிந்துபோகும். ஆரம்பத்திலிருந்தே அச்சுக்காக என்று வரைந்தது அது. யார் கை பட்டது என்பதை விட, எதற்காக வரைந்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

கேள்வி: விற்கிறவர் சொல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

எச்சிங் என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அமுங்கிய தடம் இருக்கும். ஈரக் காகிதத்தின் மேல் கம்பளி வைத்து பிரஸ்ஸில் அழுத்துவதால் வருவது. சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், மைக்கோடு கொஞ்சம் மேலெழும்பியும் நிற்கும். தடத்தைப் போலியாகவும் அமுக்கலாம், அதனால் லென்ஸையும் வையுங்கள். இங்க்ஜெட்டில் மை தெளித்த புள்ளிகள்தான் தெரியும்.

கேள்வி: அக்வாடின்ட்டுக்கு ரோசின் பொடியை எப்படித் தூவுவது? நைட்ரிக் எவ்வளவு நேரம்?

மறுபடியும் நைட்ரிக். மேலே சொன்னதை வாசியுங்கள். அக்வாடின்ட் என்பது தகட்டில் ரோசின் என்கிற மரப்பிசின் பொடியைத் தூவி, ஆசிடால் நிழல் கொண்டுவருகிற எச்சிங் முறை. அந்த ரோசின் தூசி காற்றில் மிதக்கும்போது ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். ஸ்பெயின் ஓவியர் கோயா 1799-இல் ‘காப்ரிச்சோஸ்’ வரிசையின் 80 படங்களில் சாம்பல் நிழல்களை இந்தப் பொடியால்தான் கொண்டுவந்தார், எனக்கும் உயிர்தான், ஆனால் பட்டறையில் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: ஆசிட் இல்லாமல் எச்சிங்...

டிரைபாயிண்ட். முதல் பதில்.

கேள்வி (தாத்தா வீட்டு லட்சுமி): லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அண்ணா. மணல் மாதிரிதான் இருக்கிறது! ஓரத்தில் கொஞ்சம் பூஞ்சை. ஈரத்துணியால் துடைக்கலாமா?

துடைக்காதீர்கள்! லேமினேட்டும் செய்ய வேண்டாம். சட்டத்தை ஈரச் சுவரிலிருந்து இறக்கி, காற்றோட்டமான இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். பின்பக்கம் அட்டை எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.